அடிச்சேறு சொல்லும் சேதி: வாசகர் கேள்வி – பதில்

கழிமுகங்கள், காயல்கள், ஏரிகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுபவர் ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியை. பழவேற்காடு, எண்ணூர்ப் பகுதிகளின் அடிமண் உயிர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்.

கேள்வி: தினமும் எண்ணூர், அத்திப்பட்டு வழியாக ரயிலில் வேலைக்குப் போகிறேன். பாலத்திலிருந்து பார்த்தால் கொசஸ்தலையாறு பல நாள் தெளிவாகத்தான் தெரிகிறது. ஆனால் இறாலும் மட்டியும் போய்விட்டன என்று அங்குள்ள மீனவர்கள் சொல்கிறார்கள். தண்ணீர் நன்றாக இருக்கும்போது இவை ஏன் இல்லாமல் போக வேண்டும்?
– ஒரு வாசகர், பொன்னேரி

பதில்: மீனவர்கள் சொல்வது சரி. தண்ணீரைப் பார்த்து ஒரு கழிமுகத்தின் நிலையைச் சொல்லிவிட முடியாது. நீரேற்றத்தில் கடல்தண்ணீர் உள்ளே வரும், வற்றத்தில் வெளியே போகும். காலையில் நீங்கள் பார்த்த தண்ணீர் மாலையில் வீடு திரும்பும்போது அங்கே இருக்காது. சேறு அப்படிப் போவதில்லை. நிலத்திலிருந்து வருவதில் கனமானதும் பிசுபிசுப்பானதும் கடைசியில் அடியில்தான் போய்த் தங்கும். இறால், நண்டு, மட்டி மூன்றும் குடியிருப்பது அந்த அடியில்தான்.

எண்ணூரில் முதலில் சொல்ல வேண்டியது சாம்பல். அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் பக்கம் உள்ள சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் கழிமுகத்தைத் தாண்டித்தான் போகின்றன. அதில் உடைப்பும் கசிவும் பல காலமாக நடந்து, சாம்பல் ஆற்றுக்குள் இறங்கியிருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விஷயம் இது.

சாம்பல் விழாத இடத்துச் சேற்றைக் கையில் எடுத்தால் விரலிடுக்கில் வழவழவென்று பிதுங்கும். நடுநடுவே கிளிஞ்சல் பொடி தட்டுப்படும், ஒரு புழுவாவது நெளியும். சாம்பல் படிந்த சேறு வெளிறிப்போய், மாவுபோல நைசாக இருக்கும். பிடித்து அழுத்தினால் பிடித்தபடியே கட்டியாக நிற்கும். அதன் துகள்கள் மிகச் சிறியவை என்பதால் சேற்றுக்குள் தண்ணீர் போய்வரும் இடுக்குகளை எல்லாம் அடைத்துவிடும். இறால் பகலில் மண்ணுக்குள் புதைந்து, கண்ணை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும் பிராணி. மட்டி மண்ணுக்குள் இருந்தபடியே இரண்டு சிறு குழாய்களை மேலே நீட்டி, ஒன்றால் தண்ணீரை உறிஞ்சி இன்னொன்றால் வெளியே விடும். மூச்சும் சாப்பாடும் அதற்கு அந்த வழிதான். சாம்பல் கெட்டித்த தரையில் இறாலால் தோண்ட முடியாது. மட்டி அப்படியே மூடிப்போகும். சாம்பலில் ஆர்சனிக், ஈயம், குரோமியம் போன்றவையும் உண்டு. விஷம் மெதுவாகத்தான் வேலை செய்யும். குடியிருக்கும் இடம் பறிபோவது உடனே நடந்துவிடுகிறது.

அப்புறம் எண்ணெய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து வந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் இறங்கியது. மேலே மிதந்ததை மீனவர்களே படகில் போய் வாளியாலும் மக்காலும் அள்ளினார்கள். அந்தப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அலையாத்தி வேரிலும் கரைச் சேற்றிலும் ஊறியதை யாராலும் அள்ள முடியாது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வெஸ்ட் ஃபால்மவுத் ஊர்க் கரையில் 1969 செப்டம்பரில் ஒரு எண்ணெய்ப் படகு தரைதட்டியது. அருகிலேயே உட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையம் இருந்ததால் அந்தச் சேற்றை விட்டுவிடாமல் பார்த்து வந்தார்கள். 30 ஆண்டு கழித்துத் தோண்டியபோதும் சதுப்பு மண்ணில் எண்ணெய் இருந்தது. அங்குள்ள சிறு நண்டுகள் நேராகக் கீழே வளை தோண்டும் வழக்கமுள்ளவை. எண்ணெய்ப் படிவம் தொடங்கும் ஆழம் வந்ததும் அவை பக்கவாட்டில் திரும்பிவிட்டன. மேலே புல் பச்சையாகத்தான் இருந்தது. கீழே என்ன இருக்கிறது என்று நண்டுக்குத் தெரிந்திருந்தது. எண்ணூரில் "சுத்தம் செய்தாகிவிட்டது" என்று யாராவது சொன்னால், எவ்வளவு ஆழம் வரை தோண்டிப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடித்தரை உயிரினங்கள் பற்றிப் புத்தகத்தில் ஒரு பத்திதான் இருக்கிறது. சேற்றுக்குள் அப்படி என்ன இருக்கிறது? அதனால் யாருக்கு லாபம்?
– ஒரு மாணவி, கும்பகோணம்

பதில்: உன் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது மகளே, ஏனென்றால் என் வேலை முழுவதும் இதுதான். கயிற்றில் கட்டிய ஒரு இரும்புத் தாடையைப் படகிலிருந்து இறக்குவோம். அடியைத் தொட்டதும் தாடை மூடிக்கொள்ளும், ஒரு வாய் சேறு மேலே வரும். அதைத் தட்டில் கவிழ்த்தவுடன் கிளறாமல் முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். உயிருள்ள சேற்றில் மேலே ஒரு அடுக்கு பழுப்பாக இருக்கும், ஆக்சிஜன் எட்டும் அடுக்கு அது. அதற்குக் கீழே கறுப்பு. அந்தக் கறுப்புக்குள்ளே ஆங்காங்கே பழுப்புக் கோடுகள் இறங்கிப் போகும். ஒவ்வொரு கோடும் ஒரு புழுவின் வளை. புழு உள்ளே தண்ணீரை இழுத்து விடுவதால் வளையின் சுவர் மட்டும் பழுப்பாக இருக்கும். சேற்றுக்கு மூச்சு கொடுப்பது இந்தப் புழுக்கள்தான்.

பிறகு அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் போட்டு ஏரித் தண்ணீராலேயே அலசுவோம். சேறு கரைந்து போனபின் சல்லடையில் நிற்பது புழுக்கள், பொடி மட்டிகள், பூச்சிபோலத் துள்ளும் சிறு கணுக்காலிகள். ஒரு வகைப் புழு கிளிஞ்சல் துண்டும் தழைத் துணுக்கும் ஒட்டித் தனக்குக் குழாய் கட்டிக்கொள்ளும். அந்தக் குழாயைப் பிரித்தால் எந்தப் பக்கத்துத் தழை அங்கே வந்து விழுகிறது என்றே தெரிந்துவிடும்.

கழிவு அதிகமாகச் சேரும் இடத்தில் படிப்படியாக இதெல்லாம் மாறும். பழுப்பு அடுக்கு மெலியும். கறுப்பு மேலே ஏறி வரும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. பெரிய புழுக்களும் மட்டிகளும் போய், கேப்பிடெல்லா என்ற மெல்லிய சிவப்புப் புழு மட்டும் கும்பல் கும்பலாக இருக்கும். அதுவும் தாங்காத இடத்தில் சேற்றின்மேல் வெள்ளை நூல்போலப் பாக்டீரியா படரும், வேறொன்றும் இருக்காது. 1978-இல் பியர்சன், ரோசன்பெர்க் என்ற இருவர் இந்த வரிசையைத் தொகுத்து எழுதினார்கள். உன் கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பார், கிடைத்தால் அவசியம் படி.

லாபம் யாருக்கு என்றால், மடவை சேற்றை மேய்ந்துதான் வளர்கிறது, இறால் பொடி உயிர்களைத் தின்கிறது, நண்டு மட்டியை உடைக்கிறது, கொடுவா இறாலைப் பிடிக்கிறது. பழவேற்காட்டு மீன் சந்தையில் விற்பதில் பெரும்பகுதி சேற்றிலிருந்து தொடங்கியதுதான்.

கேள்வி: நான் ஐந்து ஏக்கர் நெல் பயிரிடுகிறேன். பழவேற்காடு ஏரி கெட்டதற்கு விவசாயிகள் போடும் யூரியாவும் காரணம் என்று எழுதுகிறீர்கள். எங்கோ இருக்கும் என் வயல் உரம் ஏரியின் அடியை எப்படிக் கெடுக்கும்? எங்கள் மேல் பழி போடுவது சுலபம்.
– ஒரு விவசாயி, கும்மிடிப்பூண்டி வட்டம்

பதில்: ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. பழவேற்காட்டைப் பொறுத்தவரை முதல் பழியை நான் நெல் விவசாயி மேல் போட மாட்டேன். ஆனால் உரம் அடித்தரையைக் கெடுக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. அது எப்படி என்பதற்கு ஸ்பெயின் நாட்டில் மார் மெனோர் என்ற காயலில் நடந்ததைச் சொல்கிறேன்.

முர்சியா மாநிலத்தில் மத்தியதரைக் கடலை ஒட்டி இருக்கிறது அந்தக் காயல். பரப்பு ஏறக்குறைய 135 சதுர கிலோமீட்டர். அதிகபட்ச ஆழமே ஏழு மீட்டர்தான். கடலுக்கும் காயலுக்கும் நடுவே 22 கிலோமீட்டர் நீளத்துக்கு மணல்திட்டு. நமக்கு ஸ்ரீஹரிகோட்டா இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். காயலுக்கு மேற்கே கார்த்தஹேனா சமவெளி, வானம் பார்த்த பூமி. 1979-இல் தாஹோ ஆற்றுத் தண்ணீரைக் கால்வாய் வெட்டித் திருப்பினார்கள். அவ்வளவுதான், புஞ்சையெல்லாம் தோட்டக்கால் ஆனது. லெட்யூஸ், பிரக்கோலி, முலாம்பழம் என்று ஐரோப்பா முழுவதற்கும் அங்கிருந்து லாரிகள் போயின. போட்ட தழைச்சத்தில் பயிர் எடுத்தது போக மிச்சம் நிலத்தடி நீரில் இறங்கியது, ஓடைகளில் வடிந்தது, காயலுக்குப் போய்ச் சேர்ந்தது.

முக்கியமான இடம் இதுதான், கவனியுங்கள். பல ஆண்டுகள் காயல் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. வந்த சத்தையெல்லாம் அடியில் வளர்ந்த புல்லும் பாசியும் உறிஞ்சிக்கொண்டன, மிச்சம் சேற்றில் படிந்தது. சுற்றுலாக்காரர்கள் குளித்தார்கள், யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அடித்தரை தாங்கும் மட்டும் தாங்கிவிட்டு 2016-இல் கைவிட்டது. தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி பெருகிக் காயல் பச்சைக் குழம்பானது. வெளிச்சம் அடிக்கு எட்டவில்லை. அடித்தாவரங்களில் 85 விழுக்காடு செத்தது. சத்தை உறிஞ்சிக்கொண்டிருந்ததே செத்து அழுகினால் என்ன ஆகும்? அது பிடித்து வைத்திருந்ததெல்லாம் திரும்பத் தண்ணீருக்கு வந்தது.

2019 செப்டம்பரில் பேய்மழை. நல்ல தண்ணீர் வெள்ளமாக வந்து, கனமான உப்புத் தண்ணீரின் மேல் தனி அடுக்காக நின்றது. கீழே ஆக்சிஜன் தீர்ந்தது. ஒரு மாதம் கழித்து, அக்டோபரில், மீனும் இறாலும் விலாங்கும் ஆயிரக்கணக்கில் கரையோரத்துக்கு வந்து மூச்சுக்குத் தவித்துச் செத்தன. 2021 ஆகஸ்டில் மறுபடியும் அதே கதி. ஊர் ஜனங்கள் பொறுக்கவில்லை. முர்சியா பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியை தெரேசா விசென்ட்டே முன்னின்று, 6 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து திரட்டினார்கள். 2022 செப்டம்பரில் அந்தக் காயலைச் சட்டத்தின்முன் ஒரு ஆளாக ஏற்று ஸ்பெயின் சட்டம் இயற்றியது. இனி காயலின் பெயரால் யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். ஐரோப்பாவில் இப்படி நடந்தது அதுவே முதல்முறை. எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது கண் கலங்கியது என்று சொல்வதில் வெட்கமில்லை.

உங்கள் வயலுக்கு வருவோம். உலகம் முழுதும் சேர்த்துப் பார்த்தால், இடுகிற தழைச்சத்தில் ஏறக்குறைய பாதிதான் பயிருக்குச் சேர்கிறது. அது உங்கள் காசும்தான். ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். இலை வண்ண அட்டை வைத்துப் பார்த்து, பயிர் கேட்கும்போது மட்டும் போடுங்கள். மழை வருமென்று தெரிந்தால் அன்றைக்கு வேண்டாம். பழவேற்காடு மார் மெனோரைவிட மிகவும் ஆழம் குறைந்தது, பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை. அதன் அடித்தரை அவ்வளவு காலம் தாங்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

கேள்வி: எங்கள் ஏரியில் காக்கா ஆழி என்ற சிப்பி வந்து அடியெல்லாம் பாய் விரித்தமாதிரி கிடக்கிறது. கையால் இறால் தடவிப் பிடிக்கும் எங்களுக்குக் கை காலெல்லாம் கிழிகிறது. இது எங்கிருந்து வந்தது? எப்படிப் போகும்?
– ஒரு மீனவப் பெண், பழவேற்காடு

பதில்: அம்மா, அது நம் ஊர் ஆழி அல்ல. மத்திய, தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது. இந்தியாவில் முதலில் கேரளக் காயல்களில் இருப்பதாக 2019-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டோ, கப்பல் நிலையாக நிற்க எடைக்காக நிரப்பும் தண்ணீரிலோ வந்திருக்க வேண்டும். அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் கொட்டக் கூடாது என்ற உலக ஒப்பந்தம் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

நார் விட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அது தரையை மூடிவிடுகிறது. மூடிய தரையில் இறால் புதைய முடியாது, நம் மட்டிக்குக் காற்று இல்லை. மழைக்காலத்து நல்ல தண்ணீரும் அதற்கு ஒத்துக்கொள்கிறது, கோடையின் கடும் உப்பும் ஒத்துக்கொள்கிறது. முழுதாக ஒழிப்பது இனி நடக்காது என்றே நினைக்கிறேன், இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நீங்கள் இறால் பிடிக்கும் திட்டுகளையும் முறைவைத்து வலை போடும் பாடு இடங்களையும் தேர்ந்தெடுத்து வாரி எடுத்தால் அந்த அளவுக்காவது தரை மீளும். வாரியதைத் திரும்பத் தண்ணீரில் போடாமல் கரையேற்ற வேண்டும். எந்த இடம் முதலில் என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள். இயந்திரத்தோடு வருபவர்கள் உங்களைக் கேட்டுத்தான் இறங்க வேண்டும்.

கேள்வி: முகத்துவாரத்தைத் தூர்வாரி, கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டுவிட்டால் பழவேற்காடு ஏரி பிழைத்துக்கொள்ளும்தானே?
– ஒரு வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: பாதிதான். கடல்நீர் வந்துபோக வழி வேண்டும் என்பது உண்மை, முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் மீன்குஞ்சும் இறால்குஞ்சும் உள்ளே வர முடியாது. ஆனால் ஏரிக்கு இன்னொரு வாசல் ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும். மேலே அணையும் தடுப்பணையும் கட்டித் தண்ணீரை நிறுத்திவிட்டு, கழிவை மட்டும் வரவிட்டால் முகத்துவாரம் எவ்வளவு அகலமாக இருந்தும் பயனில்லை.

கேள்வி: இறால் பண்ணை வைத்திருக்கிறேன். தண்ணீர்தானே வெளியே விடுகிறோம், ரசாயனம் ஒன்றும் இல்லையே?
– ஒரு பண்ணையாளர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: நீங்கள் போடும் தீவனத்தின் சத்தில் பெரும்பகுதி இறாலின் உடம்பில் சேர்வதில்லை. எச்சமாகவும் மிச்சமாகவும் குளத்தடியில் சேர்கிறது. பிடிப்பு முடிந்து குளத்தை வடிக்கும்போது கடைசியாக வெளியேறும் தண்ணீரில்தான் அந்தக் கசடு அத்தனையும் வரும். அதை நேராக ஓடையில் விட்டால் கும்பகோணத்து மாணவிக்கு நான் சொன்ன கறுப்புச் சேறு ஓடை வாயில் உருவாகும்.

சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை நீங்கள் அறிந்திருப்பீர்கள். சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றது அது. பிறகு 2005-இல் தனிச் சட்டமும் ஆணையமும் வந்தன. ஐந்து ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள பண்ணைகளுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு கட்டாயம். சிறு பண்ணைகள் பல சேர்ந்தால் ஒரு பெரிய பண்ணைதானே? பக்கத்துப் பண்ணையாளர்களோடு சேர்ந்து ஒரு பொதுக் குட்டை வெட்டுங்கள். கடைசித் தண்ணீரை அதில் தேக்கி, கசடு படிந்தபின் மேல்தண்ணீரை மட்டும் விடுங்கள்.

உங்கள் பகுதிக்கு இது கூடுதல் முக்கியம். பாக் விரிகுடாவில் தாழை என்னும் கடற்புல் வளர்கிறது, அதை மேய ஆவுளியா என்னும் கடற்பசு வருகிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கென்று 2022-இல் அரசு ஒதுக்கியது. தாழை செடிதான், அதற்கு வெயில் வேண்டும். கடல் மேற்பரப்பில் விழும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காவது அடிக்கு எட்டாவிட்டால் அது வாழாது. ஓடை வழியே கலங்கல் வந்துகொண்டே இருந்தால், எல்லைக்கல் நட்டு யாரும் அதைக் காப்பாற்ற முடியாது.

கேள்வி: எங்கள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய் ஏரிச் சேற்றைப் பார்க்க வைக்கலாமா? விலையுயர்ந்த கருவி எல்லாம் வாங்க முடியாது.
– ஒரு ஆசிரியர், மீஞ்சூர்

பதில்: தாராளமாக. வற்றத்தில் வெளியே தெரியும் சேறே போதும், படகு வேண்டாம். ஒரு கைப்பாரை, ஒரு ரவை சல்லடை, இரண்டு வெள்ளைத் தட்டு, ஒரு அளவுகோல், ஆளுக்கொரு ரப்பர் கையுறை. சேற்றை ஒரு சாண் ஆழத்துக்குச் செங்குத்தாக வெட்டி, பழுப்பு அடுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கச் சொல்லுங்கள். வாசனையை எழுதச் சொல்லுங்கள். பிறகு அலசி, உயிரோடு இருப்பதை எண்ணி, எண்ணியதும் அங்கேயே திரும்ப விட்டுவிட வேண்டும். ஒரே இடத்தில் மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும் ஆண்டுதோறும் செய்தால், உங்கள் பள்ளி நோட்டுப் புத்தகமே நல்ல ஆதாரமாகும். தேதி, நேரம், இடம் மூன்றும் விடாமல் இருக்கட்டும்.

எண்ணெய் ஊறிய கரைக்கும் சாம்பல் குளப் பக்கமும் பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டாம். பழவேற்காட்டில் பறவைகள் சரணாலய எல்லைக்குள் இறங்குவதாக இருந்தால் வனத்துறையிடம் முன்பே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். உள்ளூர் மீனவர் ஒருவரைக் கட்டாயம் உடன் அழைத்துப் போங்கள். எந்தச் சேறு கால் தாங்கும், எது உள்ளே இழுக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.